நாலில் மூன்று இருந்தால் போதுமாம்

ராஜபாளையம்,
14-10-2025, செவ்வாய்க்கிழமை.

ராஜஸ்தானில் நாட்டைக் காத்துவரும் தம்பி லிங்கேஸ்வரனுக்கு, மூத்த அண்ணன் தங்கப்பாண்டியன் எழுதித் தெரிவிப்பது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு நான், தங்கை ஈஸ்வரி, தம்பி ஐயாதுரை ஆகிய மூவரும் அம்மா முன்னிலையில் கூடி, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பீரோவின் மேல் இருந்த அப்பாவின் பெட்டியை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் வைப்பது என்று ஏகமனதாக முடிவு செய்தோம். ஐயாதுரை முதலில் டீப்பாய் என்றான். பிறகு ஒத்துக்கொண்டான். உன் கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் குடும்பம் ஏகமனதான முதல் விஷயம் இது என்பதால் உனக்குத் தெரிவிப்பது என் கடமை.

இங்கே அம்மாவின் இடது முழங்கால் நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே நீயும் மனைவி மக்களும் சுகமாக இருப்பதை உன் மாமனார் மூலம் மாதம் ஒருமுறை அறிகிறேன். நேரடியாக அறிய முடியாதபடி என் எண்ணை நீ இரண்டு வருடமாகத் தடுத்து வைத்திருக்கிறாய். அதைப் பற்றிப் புகார் இல்லை. தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் ஸ்பீடு போஸ்டில் எழுதுகிறேன். பத்தொன்பது வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவனுக்குச் சுருக்கமாக எழுத வராது. பொறுத்துக்கொள்.

பெட்டி என்று நான் சொல்வது, 2019-இல் நீ லீவில் வந்தபோது அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த, நான்கு ஹார்ட் டிஸ்க் செருகும் கறுப்புப் பெட்டியை. குடும்பத்துப் படங்கள், மாந்தோப்பில் குரங்கு இறங்குவதைக் கேமரா பிடித்த பதிவுகள், இவற்றோடு அந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் நடந்த எண்பதாம் கல்யாணத்தின் வீடியோவும் அதற்குள் இருக்கிறது. வீடியோ ஐந்து மணி பத்து நிமிடம் ஓடும். அதில் நான்காவது மணி நேரத்தில் வீடியோக்காரர் அப்பாவிடம் மைக்கை நீட்டி, "ஐயா, அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டார். அப்பா ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து அம்மா வாசலில் கூமாப்பட்டி வேனுக்குத் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவை உனக்குத் தெரியும். பஸ் கண்டக்டரிடம் ஊர்ப்பெயரைக்கூடச் சொல்லாமல், நிறுத்தம் வந்ததும் எழுந்து நிற்கிறவர். அப்பேர்ப்பட்ட மனிதர் மனைவியைப் பற்றி மைக்கில் பேசியிருக்கிறார் என்றதும் அம்மா அன்று சாயங்காலமே, "என்ன சொன்னிய?" என்று கேட்டாள். "வீடியோல பாத்துக்கோ" என்றார் அப்பா. அம்மாவும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது மணி நேரத்தில் தூங்கிவிடுவாள். அந்த இடத்துக்கு ஓட்டிவிடலாம் என்றால், "கல்யாணத்தை ஓட்டிப் பாக்கக் கூடாது" என்று அப்பா ரிமோட்டை வாங்கி வைத்துக்கொள்வார். இப்படியே நாலு வருடம் போயிற்று. பிறகு அப்பாவும் போய்விட்டார்.

வருகிற ஐப்பசியில் அப்பாவுக்கு இரண்டாவது திதி. அதற்குள் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாக வேண்டும் என்கிறாள் அம்மா. அவளுக்கு வேறு கோரிக்கை எதுவும் கிடையாது. முழங்கால் ஆபரேஷனைக்கூட அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். அன்று மண்டபத்தில் அப்பா பக்கத்தில் நின்ற எங்கள் மூவரையும் கூப்பிட்டு விசாரித்தாள். "அவ இல்லாட்டி நான் இல்ல" என்று அப்பா சொன்னதாக நான் வாக்குமூலம் கொடுத்தேன். "அவளுக்கு எம்புட்டோ கஷ்டம் குடுத்துட்டேன்" என்று சொன்னதாக ஈஸ்வரி அழுதுகொண்டே சொன்னாள். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை, கண்ணாடிக் கூட்டைத் தேடினார் என்றான் ஐயாதுரை. அம்மா மூன்றையும் கேட்டுவிட்டு, "மூணு பேரும் பொய் சொல்லுதிய. அவிய ஒரு நாளைக்கே அம்புட்டு வார்த்தை பேசமாட்டாவ" என்றாள்.

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் போயிற்று என்று நீ நினைக்கலாம். ஆனால் பெட்டிக்குள் டிஸ்க் இல்லை. அதன் காரணம் உனக்குத் தெரியும் என்றாலும் பதிவுக்காக எழுதுகிறேன். அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்து பாகம் பிரித்தபோது கடைசியாக நின்றது இந்தப் பெட்டி. உள்ளே இருப்பது எல்லோருக்கும் பொது, யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்ததும், தவசிமுத்து மாமா மூடியைக் கழற்றிப் பார்த்து, "டிஸ்க் நாலு, பிள்ளைக நாலு. ஆண்டவனே பாத்து வெட்டி வெச்சிருக்கான்லே" என்று தீர்ப்புச் சொன்னார். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு டிஸ்க் எடுத்துக்கொண்டோம். வெறும் பெட்டி அம்மாவுக்கு என்று ஆனது. யாருக்கு எது என்று போலீஸ் முறைப்படி நான் மகஜர் எழுதி நால்வரிடமும் கையெழுத்து வாங்கினேன். அப்போது நீ, "மாமா, அது அப்படி இல்ல..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாய். "ஏலே, பெரியவிய பேசையில குறுக்க பேசாத" என்றார் மாமா. நீயும் வாயை மூடிக்கொண்டாய். மகஜரில் ஆட்சேபணை இல்லை என்று எழுதினேன்.

பிறகு நடந்தது நம் குடும்பத்துக்கே அவமானம். நான் என் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். இது காலி டிஸ்க், ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன். ஈஸ்வரிக்கும் ஐயாதுரைக்கும் அதேதான் நடந்திருக்கிறது. ஆனால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் காலி விழுந்துவிட்டது, வீடியோ விழுந்தவர் கமுக்கமாக வைத்துக்கொண்டு பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். ஈஸ்வரி சுந்தரபாண்டியத்தில் கிடாவெட்டு வைத்து எனக்குச் சொல்லவில்லை. ஐயாதுரை கிரகப்பிரவேசத்தில் ஈஸ்வரிக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டார்கள். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருக்கிறவனுக்கு எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று தொட்டாலே தெரியும், தெரிந்துதான் நாலாம் சீட்டை எடுத்தான் என்று உன்னைப் பற்றிக் குடும்ப வாட்ஸப் குழுவில் நான் எழுதினேன். அதன் பிறகுதான் நீ என்னைத் தடுத்தாய்.

போன மாதம் அம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்து டிஸ்க்கை எடுத்து வையுங்கள் என்று சொன்ன பிறகு, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெபினை வரவழைத்தேன். நிதானமான ஆள், பத்து வருடமாக எனக்குப் பழக்கம். மூன்று டிஸ்க்கையும் பார்த்தார், மகஜரையும் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

"அண்ணாச்சி, இது தேங்கா மாதிரி ஆளுக்கு ஒரு மூடி எடுத்துட்டுப் போறதில்ல. ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டா வெட்டி நாலுலயும் பிரிச்சு வெச்சிருக்கும். ஐயாவோட நெத்தி உங்ககிட்ட இருக்கும், மீசை ஐயாதுரை அண்ணன்கிட்ட இருக்கும்."

"அப்ப எங்கிட்ட என்ன இருக்கு?" என்றாள் ஈஸ்வரி.

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம், அக்கா."

தம்பி, ஒரு மனிதனை வெட்டி நாலு கண்மாயில் போட்ட வழக்கு ஒன்று என் சர்வீஸில் வந்திருக்கிறது. அன்று எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை. அந்த வழக்கில் மகஜர் எழுதியது மட்டும்தான் நான். இதில் வெட்டுக்கும் நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்ததாக ஜெபின் சொன்னது எங்களை இன்னும் கலக்கிவிட்டது. "நாலும் வேணும்னு இல்ல. ஒண்ணு கெட்டாலும் மிச்ச மூணை வெச்சு முழுசையும் எடுத்துரலாம். அதுக்குத் தோதாத்தான் பிரிச்சிருக்கும்." நம்மில் யாரோ ஒருவர் இல்லாமலும் இந்தக் குடும்பம் நடக்கும் என்று ஒரு பெட்டி சொல்கிறது, யார் என்று மட்டும் சொல்ல மறுக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் மூவரும் தனித்தனியாக ஜெபினுக்குப் போன் செய்து, வேண்டாத ஆள் யார் என்று கேட்டிருக்கிறோம். யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்று மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். கடைசியில் நீ இல்லாமலே முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். பகையால் அல்ல, தூரத்தால். ஞாயிற்றுக்கிழமை உன்னை அழைக்காததற்கு அதுதான் காரணம்.

பெட்டியிலும் கோளாறு இருந்தது. அதனுடைய சொந்த சாஃப்ட்வேர் செத்துவிட்டது, கம்பெனிக்காரர்கள் அந்த மாடலைக் கைகழுவி மூன்று வருடமாகிறது, ஆகவே லினக்ஸ் என்று ஒன்றை அதில் ஏற்ற வேண்டும், அது ஓப்பன் சோர்ஸ் என்றார் ஜெபின். யாருடையது என்று விசாரித்தேன்.

"யாருக்கும் சொந்தமில்ல, எல்லாருக்கும் சொந்தம். உலகம் பூரா உள்ளவிய சேந்து எழுதுனது."

"புறம்போக்குன்னு சொல்லும்."

"இதுல யாரும் வேலி போட முடியாது, அண்ணாச்சி. அதான் வித்தியாசம்."

"எழுதி வெச்சதை யார் வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாமாமே. நீர் படிச்சிருக்கீரா?"

"இல்ல."

"உமக்குத் தெரிஞ்சு யாராச்சும்?"

"மதுரைல ஒருத்தர் படிச்சிட்டிருந்தாரு. இப்ப மளிகைக் கடை வெச்சிருக்காரு."

ஞாயிறு காலை ஏழரைக்கு ஜெபின் வந்தார். மேசைக்கு வந்துவிட்ட பெட்டியை டிவியோடு இணைத்து, ஒரு கீபோர்டு மாட்டி, பின்னால் தீப்பெட்டி அளவில் சின்ன டிஸ்க் ஒன்றைச் செருகினார். லினக்ஸ் இந்தச் சின்னதில்தான் ஏற வேண்டும், மற்ற மூன்றையும் தொடவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார். பிறகு, "உங்க மூணையும் உள்ள போடுங்க. எந்த வரிசைல போட்டாலும் ஒண்ணுதான்" என்றார். அவர் அதை நம் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. மூத்தவன் டிஸ்க் முதல் அறையில் என்பதில் தகராறு இல்லை. இரண்டாவது யார் என்பதில்தான் சண்டை. ஆண்பிள்ளைகள் முதலில் என்றான் ஐயாதுரை. "ஏலே, உன்னைய இடுப்புல சொமந்து தோப்புக்குத் தூக்கிட்டுப் போனது யாரு? பின்னால போலே" என்று ஈஸ்வரி தன் டிஸ்க்கை இரண்டாம் அறையில் தள்ளிவிட்டாள். ஜெபின் வேலையைத் தொடங்கி, எதில் ஏற்றுவது என்று கேட்கும் இடம் வரைக்கும் கொண்டுவந்தார். மணி எட்டரை ஆகியிருந்தது. "சர்ச்சுக்குப் போய்ட்டுப் பன்னெண்டேகாலுக்கு வாரேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதிய" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் தொடவில்லை. பதினொன்றரை வரைக்கும் தொடவில்லை. பதினொன்றரைக்கு ஈஸ்வரி காலண்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பன்னெண்டுக்கு எமகண்டம்" என்றாள்.

தம்பி, நீ எங்கள் நிலைமையில் இருந்து யோசிக்க வேண்டும். அப்பாவின் குரலைக் கேட்கிற காரியத்தை எமகண்டத்தில் தொடங்க முடியுமா? பால் காய்ச்சுவதை நல்ல நேரத்தில் காய்ச்சிவிட்டுச் சாமானை மறுவாரம் ஏற்றுவதில்லையா? அதேபோல ஆரம்பித்து மட்டும் வைத்துவிடுவோம், பிறகு ஜெபின் வந்து நடத்தட்டும் என்று ஐயாதுரை சொன்னான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. யார் கையால் ஆரம்பிப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. மூன்று வீட்டுக்கு முதல் கல் எடுத்துக் கொடுத்தது அம்மாதான். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டிவிக்குச் சூடம் காட்டி, அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தோம்.

"எதைலே அமுக்கணும்?"

"வலது பக்கம் பெருசா இருக்குல்லா, அதைம்மா" என்றான் ஐயாதுரை.

திரையில் எங்கள் மூன்று டிஸ்க்குக்கும் அந்தச் சின்னதுக்குமாக நான்கு வரி இருந்தது. முதல் வரி எரிந்துகொண்டிருந்தது. நான் முதல் அறையில் இருக்கிறேன், ஆகவே என் வரி எரிகிறது என்று எண்ணினேன். அது சரிதான் என்பது பிறகு தெரிந்தது. அம்மா அமுக்கினாள். இங்கிலீஷில் நீளமாக ஒரு எச்சரிக்கை வந்தது. முப்பத்தாறு வருட சர்வீஸில் எச்சரிக்கைகள் எல்லாமே எனக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதற்குக் கீழே ஆமா, இல்லை என்று இரண்டு கட்டம். இல்லை என்கிற கட்டம் எரிந்துகொண்டிருந்தது.

"என்ன கேக்கு?" என்றாள் அம்மா.

"ஆரம்பிக்கட்டுமான்னு கேக்கு. இப்ப இல்லைங்கிறதுல நிக்கி."

"நல்ல காரியத்துல உக்காந்துக்கிட்டு இல்லைன்னு சொல்லுவாவளா? ஆமாவுக்குத் தள்ளுலே."

அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்லாமல் நிறைஞ்சிருக்கு என்று சொல்லி வளர்த்தவள். ஐயாதுரை தள்ளினான், அம்மா அமுக்கினாள். ஈஸ்வரி குலவை போட்டாள். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. திரையில் ஒரு நீலக் கோடு வளர ஆரம்பித்தது. நாங்கள் சேமியா பாயசம் குடித்தோம்.

பன்னிரண்டு பத்துக்கு ஜெபின் பைபிளோடு உள்ளே வந்தார். டிவியைப் பார்த்தார். பைபிளை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். "யாரு அமுக்குனது?" என்றார். நான் எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கேட்கிற பக்கமே நின்றுவிட்டதால், பதில் சொல்கிறவனுக்கு நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பது இதுவரை தெரியாது.

"நாந்தான்யா. நல்லா ஓடுது பாரு" என்றாள் அம்மா.

"எதுல ஓடுதுன்னு பாத்தியளா, ஆச்சி? பெரியண்ணாச்சி டிஸ்க்குல ஓடுது."

"மூத்தவன்ட்டதானய்யா மொதல்ல ஓடணும்."

ஜெபின் சுவரில் இருந்த வயரைப் பிடுங்கினார். என்ன போயிற்று என்று கேட்டேன். "லினக்ஸ் நல்லாத்தான் ஏறியிருக்கு, அண்ணாச்சி. உங்க டிஸ்க்குல இருந்த ஐயாதான் இல்ல" என்றார். பாயசம் கொடுத்தோம். வேண்டாம் என்றுவிட்டார். அம்மாவுக்கு விவரம் புரிய ஒரு மணி நேரம் ஆனது. புரிந்ததும் அழவில்லை, சத்தம் போடவில்லை. "என் கையாலயேவா?" என்று ஒரு தடவை கேட்டாள். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, வேளைக்குச் சாப்பிடுவதும் இல்லை.

ஆகவே இன்றைய நிலவரம் இது. நாலில் மூன்று வேண்டும். என்னுடையது அழிந்தது. ஈஸ்வரியுடையதும் ஐயாதுரையுடையதும் நல்ல நிலையில் இருக்கின்றன. மூன்றாவது உன்னுடையது. யார் இல்லாமலும் நடக்கும் என்று நாங்கள் எண்ணினோமோ, அந்த ஆள் இல்லாமல் இப்போது எதுவுமே நடக்காது. திதிக்கு முன்னால் லீவு போட்டு டிஸ்க்கோடு வந்துவிடு. பார்சலில் அனுப்பாதே. துணியில் சுற்றி, கையிலேயே வைத்துக்கொண்டு வா. வழியில் எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டாதே. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஜெபினைத் தவிர யாரும் தொடமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். இஷ்டப்பட்டால் உன் டிஸ்க்கை முதல் அறையில் போட்டுக்கொள். மூத்தவன் என்ற முறையில் இதற்குமேல் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

வாட்ஸப்பில் உன்னைப் பற்றி எழுதியது தவறு. அன்று மாமா முன்னால் நீ சொல்ல வந்ததைச் சொல்லவிட்டிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். ஆட்சேபணை இல்லை என்று நான் பொய்யாக எழுதினேன். மன்னித்துக்கொள்.

உனக்கும் குழந்தைகளுக்கும் அம்மாவின் ஆசீர்வாதம், உன் மனைவிக்கு என் வீட்டாரின் விசாரிப்பு, உன் மேலதிகாரிக்கு என் சல்யூட். ஈஸ்வரி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ஐயாதுரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதும்போது பக்கத்தில் நின்று படித்தான்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
சோ. தங்கப்பாண்டியன்,
சிறப்பு சார்பு ஆய்வாளர் (ஓய்வு).

பின்குறிப்பு: ஒட்டிய கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வேலை இருந்ததால் அங்கேயே தபாலில் சேர்க்கலாம் என்று போனேன். தபாலாபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஆல்பம் பார்சலோடு ஹரிகிருஷ்ணன் நின்றார். எண்பதாம் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். மேலே எழுதியிருப்பதையெல்லாம் சொன்னேன். "அந்த வீடியோ எங்கிட்ட இருக்கே, அண்ணாச்சி. நான் எதையும் அழிக்கிறதில்ல" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க யாரும் கேக்கலையே" என்றார். நம் நால்வருக்கும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. வீடியோ நம்மில் ஒருவரிடம் இருப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கடையில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்து அவரே டிவியில் போட்டார். நேராக நான்காவது மணி நேரத்துக்கு ஓட்டினார். ஆகவே உன் டிஸ்க் தேவையில்லை. லீவு கேட்டிருந்தால் ரத்து செய்துகொள். முதல் அறை பற்றி எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். மன்னிப்பு மட்டும் எழுதியபடியே இருக்கட்டும்.

மைக்கை நீட்டி, அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை என்கிறார் ஹரிகிருஷ்ணன். அப்பா மைக்கைப் பார்க்கிறார். மண்டபத்து வாசலைப் பார்க்கிறார். "அவ சாப்பிட்டாளான்னு பாருப்பா" என்கிறார். அவ்வளவுதான். கேமரா பந்திப் பக்கம் போய்விடுகிறது. அம்மா இரண்டு தடவை போடச் சொன்னாள். மூன்றாம் தடவை போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று எழுந்துபோய், தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மணி நாலேகால்.